ராவா, ஜேபெக்கா? கேமராவின் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

கேமராவின் மெனுவில் ‘இமேஜ் குவாலிட்டி’ என்ற வரியைத் திறந்தால் ரா, ஜேபெக் ஃபைன், ஜேபெக் நார்மல், ரா பிளஸ் ஜேபெக் என்று நான்கைந்து தேர்வுகள் வரிசையாக நிற்கும். விசாரித்தால், தொழில்முறையாளர்கள் ராவில்தான் எடுப்பார்கள் என்று ஒருவர் சொல்வார். ராவில் எடுத்து ஹார்ட் டிஸ்க்கை நிரப்பியதுதான் மிச்சம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. எந்த வேலைக்கு எது என்ற கேள்விதான் இரண்டிலும் இல்லை. ஒளியை உணரும் சென்சாரின் பதப்படுத்தாத அளவீடான ராவில் எடுப்பவர் ஒளி, நிறம் பற்றிய சில முடிவுகளைக் கணினியின் முன் உட்காரும் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறார். கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படமான ஜேபெக்கில் எடுப்பவர் அவற்றை ஷட்டரை அழுத்தும்போதே முடித்துவிடுகிறார். தள்ளிவைத்த முடிவுகளை யார், எப்போது எடுக்கப்போகிறார் என்பது தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் தானே அமைந்துவிடும்.

உதாரணங்களைப் பெரும்பாலும் கல்யாண மண்டபத்திலிருந்து எடுத்திருக்கிறேன். நம் ஊரில் கேமராவை வைத்துச் சம்பாதிப்பவர்களில் பலருக்கு அதுதான் களம். கடினமான ஒளி அத்தனையும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் இடமும் அதுதான்.

படி 1: ஷட்டருக்குப் பின் கேமரா என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்சாருக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை மட்டுமே பதிவு செய்கிறது. நிறத்தைப் பிரித்தறிவதற்காகப் பிக்சல்களின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளைச் சதுரங்கப் பலகையைப் போல ஒட்டியிருப்பார்கள். கோடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. அதில் பாதிப் பிக்சல்கள் பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே 24 மெகாபிக்சல் கேமராவில் ஒவ்வொரு பிக்சலும் மூன்று நிறங்களில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

ரா கோப்பில் இருப்பது அந்தக் கணக்குக்கு முந்தைய அளவீடு. அதோடு, எந்த ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சரிக்கட்டும் அமைப்பு) வைத்தீர்கள், எந்த லென்ஸ், எந்த ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) என்ற குறிப்புகளும், கேமராவின் திரையில் காட்டுவதற்காக ஒரு சிறிய ஜேபெக் படமும் அதே கோப்புக்குள் அடங்கியிருக்கும். கேனானில் சிஆர்2 அல்லது சிஆர்3, நிகானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ, ஃபியூஜிஃபில்மில் ஆர்ஏஎஃப் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அடோபி 2004-இல் பொது வடிவமாக வெளியிட்ட டிஎன்ஜியை லைக்கா போன்ற சில நிறுவனங்கள் கேமராவிலேயே பயன்படுத்துகின்றன.

ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்தால், அதே அளவீட்டைக் கேமராவுக்குள் இருக்கும் பிராசசர் எடுத்துக்கொண்டு, விடுபட்ட நிறங்களை நிரப்பி, ஒயிட் பேலன்ஸைப் பெருக்கி, கான்ட்ராஸ்ட் வளைவைப் போட்டு, நாய்ஸை (படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் புள்ளிகளை) குறைத்து, ஷார்ப்னஸ் ஏற்றி, கடைசியில் சுருக்கிச் சேமிக்கிறது. 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, நம் கண் நுணுக்கமாகக் கவனிக்காத நிறத் தகவலின் அடர்த்தியைப் பெரும்பாலும் பாதியாகவோ கால் பங்காகவோ குறைத்துவிடும். பிறகு படத்தை 8×8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் மிக நுண்ணிய மாற்றங்களைக் குறிக்கும் எண்களைத் தோராயமாக்கித் தூக்கிப் போட்டுவிடும். போனது போனதுதான். அதிகம் சுருக்கிய படங்களில் வானத்திலும் கன்னத்திலும் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிவதற்கு இந்த 8×8 கட்டங்களே காரணம்.

படி 2: எத்தனை படிநிலைகள் கையில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்

ஜேபெக் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிநிலைகளை வைத்திருக்கிறது. 12 பிட் ரா 4,096 படிநிலைகளையும் 14 பிட் ரா 16,384 படிநிலைகளையும் வைத்திருக்கின்றன. இந்த எண்களைக் காட்டி ‘ரா 64 மடங்கு உயர்ந்தது’ என்று சொல்வது வழக்கம். அது சரியான ஒப்பீடு அல்ல, ஏனெனில் ராவின் எண்கள் ஒளிக்கு நேர் விகிதத்தில் ஏறுகின்றன. ஜேபெக்கின் எண்களோ கண்ணின் உணர்வுக்கு ஏற்றபடி வளைத்து அடுக்கப்பட்டவை. வித்தியாசம் எங்கே பெரிதாகிறது என்பதை ஸ்டாப் ஸ்டாப்பாகப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப்.

14 பிட் ராவில் மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கு மட்டும் 8,192 படிநிலைகள் போய்விடும். அதற்குக் கீழே உள்ள ஸ்டாப்புக்கு 4,096, அடுத்ததற்கு 2,048, நான்காவதற்கு 1,024, ஐந்தாவதற்கு 512 கிடைக்கும். ஜேபெக்கின் எண்களை அப்படி வளைக்கும் வழக்கமான காமா வளைவை வைத்துக் கணக்கிட்டால், முதல் ஸ்டாப்புக்கு ஏறத்தாழ 69, இரண்டாவதற்கு 50, மூன்றாவதற்கு 37, நான்காவதற்கு 27, ஐந்தாவதற்கு 19 படிநிலைகள் வருகின்றன. மணமகனின் கறுப்பு கோட்டு, மேடைக்குப் பின்னால் நிற்கும் உறவினரின் முகம் ஆகியவை அந்த ஐந்தாவது ஸ்டாப்பில்தான் விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தை இரண்டு ஸ்டாப் வெளிச்சமாக்க நினைத்தால், ஜேபெக் தன்னிடம் உள்ள 19 படிநிலைகளை நீட்டித்தான் தர முடியும். தோலில் பட்டை பட்டையாக நிறம் பிரிவது இதனால்தான். ராவில் அதே இடத்தில் 512 படிநிலைகள் இருக்கின்றன. நாய்ஸ் தெரியலாம், ஆனால் பட்டை விழாது.

இதையே தலைகீழாகவும் படிக்கலாம். சரியான எக்ஸ்போஷரில் (சென்சாரில் விழும் ஒளியின் அளவு) எடுத்து, பிறகு எதையும் இழுக்காமல், அப்படியே பார்க்கப்போகும் படத்துக்கு 256 படிநிலைகள் போதும். அப்படிப்பட்ட படத்தை ராவில் ஒன்றும் ஜேபெக்கில் ஒன்றுமாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எது என்று அடையாளம் காண்பது கடினம். ராவின் நன்மை, திருத்தத் தொடங்கும்போதுதான் வெளிப்படுகிறது.

படி 3: ரா எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதைப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது, அதனால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒயிட் பேலன்ஸ் ராவில் வெறும் குறிப்பு மட்டுமே. அக்கினியின் மஞ்சள் ஒளியும், வீடியோக்காரரின் வெள்ளை எல்இடியும், ஜன்னல் வழியாக வரும் காலை வெளிச்சமும் கலந்த இடத்தில் தவறாக அமைத்திருந்தாலும், கணினியில் தரம் குறையாமல் மாற்றிக்கொள்ளலாம். ஜேபெக்கில் அந்தப் பெருக்கல் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. சிறிய பிழையைத் திருத்தலாம், ஆரஞ்சு நிறமாகிப்போன முகத்தை இயல்புக்குக் கொண்டுவருவது கடினம்.

அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவை ராவின் பலத்தைக் காட்டும் மிகச் சிறந்த பாடம். பகல் ஒளியில் சென்சாரின் சிவப்புப் பிக்சல்கள் பச்சைப் பிக்சல்களைவிடக் குறைவாகவே ஒளியைப் பதிவு செய்கின்றன. அதைச் சரிக்கட்டக் கேமரா சிவப்பு அளவீட்டை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்குகிறது. அதற்கு மேல், பிக்சர் ஸ்டைலில் (ஜேபெக்கின் நிறத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கேமரா அமைப்பு) உள்ள சாச்சுரேஷனும், அதாவது நிறச் செறிவும், சேர்ந்துகொள்ளும். விளைவாக, ஜேபெக்கில் புடவையின் சிவப்பு 255-ஐத் தொட்டு முட்டி நின்றுவிடும். மடிப்புகளும் நெசவும் மறைந்து ஒரே சிவப்புத் திட்டாகத் தெரியும். இத்தனைக்கும் சென்சாரில் அந்த இடம் நிறைந்திருக்காது. ராவைத் திறந்து எக்ஸ்போஷரையும் சாச்சுரேஷனையும் சற்று இறக்கினால் மடிப்புகள் திரும்ப வரும். இது முழுக்க முழுக்கப் பெருக்கலால் நேர்ந்த இழப்பு என்பதால்தான் மீட்க முடிகிறது.

ஜரிகையின் மேல் ஃபிளாஷ் நேராகப் பட்டுத் தெறித்த வெள்ளைப் புள்ளிகளை மீட்க முடியாது. அங்கே மூன்று நிறங்களும் சென்சாரிலேயே நிரம்பி வழிந்துவிட்டன. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெயிலில் வெளுத்துப்போனாலும் அப்படித்தான். கேமராவைப் பொறுத்து ஒரு ஸ்டாப் அளவுக்கு ரா கைகொடுக்கலாம், அதற்கு மேல் வெற்றிடமே மிஞ்சும்.

வரவேற்பு மேடையின் நீல எல்இடி விளக்குகள் இன்னொரு எல்லை. மணமகளின் முகத்தில் நீல ஒளி மட்டுமே விழுந்திருந்தால், சிவப்புப் பிக்சல்களிலும் பச்சைப் பிக்சல்களிலும் பதிவாவதற்கு ஏறக்குறைய எதுவுமே இருக்காது. இல்லாத தோல் நிறத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. ‘ராவில்தானே எடுத்தோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கை அதிகம் பொய்த்துப்போகும் இடம் இதுதான். விளக்குக்காரரிடம் சொல்லி முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கைப் போட வைப்பதே அங்கே பலன் தரும் ஒரே திருத்தம். ஃபோகஸ் தவறியதையும், ஷட்டர் வேகம் போதாமல் கை அசைந்ததையும், கெட்டிமேளத்தின்போது முன்னால் வந்து நின்ற மாமாவையும்கூட எந்தக் கோப்பு வடிவமும் சரிசெய்யாது.

படி 4: உங்கள் கேமராவின் ரா எந்த வகை என்று பாருங்கள்

ரா என்றாலே சுருக்கப்படாதது என்று நினைப்பது தவறு. ராவுக்குள்ளேயே மூன்று வகைகள் உண்டு, அவற்றில் எவை கிடைக்கும் என்பது கேமராவைப் பொறுத்தது: சுருக்காதது, இழப்பின்றிச் சுருக்கியது, இழப்போடு சுருக்கியது. 24 மெகாபிக்சலை 14 பிட்டால் பெருக்கினால் ஒரு படத்துக்கு 42 எம்பி வரும். இழப்பின்றிச் சுருக்கினால், காட்சியைப் பொறுத்து, அது பொதுவாக 25 முதல் 30 எம்பிக்குள் அடங்கிவிடும். விரித்தால் ஒரு எண்கூட மாறாமல் அப்படியே கிடைக்கும். இந்த வசதி இருக்கும் கேமராவில் சுருக்காத ராவைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்குத் தெரிந்து நல்ல காரணம் எதுவும் இல்லை.

இழப்போடு சுருக்கும் ராவை உடனே ஒதுக்கிவிட வேண்டாம். கேனானின் சி-ரா கோப்பைக் கணிசமாகச் சிறிதாக்குகிறது. மிக ஆழமான நிழல்களைப் பல ஸ்டாப் இழுத்தால் மட்டுமே குறை தெரியும். நிகான் தன் இசட்9 கேமராவில் கொண்டுவந்த ஹை எஃபிஷியன்சி ராவும் இத்தகையதே. சோனியின் பழைய சுருக்கு முறையில் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை: கறுப்பு வானத்தில் ஒளிரும் விளக்கு, நட்சத்திரக் கோடு போன்ற கூர்மையான ஒளி எல்லைகளின் ஓரத்தில் அது சிறு கறைகளை விடும். இதைப் பற்றிப் பயனர்கள் தொடர்ந்து முறையிட்டதால் 2015-இல் சுருக்காத ராவும், பின்னர் ஆல்ஃபா 1 தொடங்கி இழப்பற்ற சுருக்கமும் வந்தன. கோயில் தேரோட்டத்தை இரவில் எடுப்பவர்கள் பழைய சோனி வைத்திருந்தால் இந்த அமைப்பைத் தேடிப் பார்ப்பது நல்லது.

12 பிட், 14 பிட் தேர்வு இருந்தால் 14-ஐ வையுங்கள். சில கேமராக்கள் தொடர்ச்சியாகச் சுடும்போதோ எலக்ட்ரானிக் ஷட்டரிலோ தானாகவே 12 பிட்டுக்கு இறங்கிவிடும் என்பதையும் கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த ஐஎஸ்ஓவில் இந்த வித்தியாசம் நாய்ஸில் மூழ்கிப்போகும், பொருட்படுத்த வேண்டாம்.

படி 5: வேலையை வைத்து முடிவெடுங்கள்

கல்யாணம் என்றால் முகூர்த்தம், தாலி கட்டுதல், பாத பூஜை, குடும்பப் படங்கள் அனைத்தும் ராவில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மீண்டும் எடுக்க முடியாத கணங்கள், நொடிக்கு நொடி மாறும் ஒளி, சிவப்புப் பட்டு, வெள்ளை வேட்டி, தங்கம் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில். இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. ஆனால் பந்தியில் சாப்பிடுபவர்களையும், வரவேற்பில் வரிசையாக வந்து பரிசு கொடுத்துவிட்டுப் போகும் நானூறு பேரையும் ராவில் எடுப்பது உழைப்பை வீணாக்குவது. மேடையில் ஃபிளாஷும் நிலையும் மாறாமல் இருக்கும்போது ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் ஒரு முறை சரியாக அமைத்துவிட்டு ஜேபெக் ஃபைனுக்கு மாறலாம். இரண்டு கேமராக்களோடு இருவர் போனால், மேடை வரிசையை எடுப்பவரின் கேமரா முழுக்க ஜேபெக்கில் இருக்கட்டும்.

செய்திப் படத்துக்கு வேகமே முதல் தேவை. களத்திலிருந்தே படத்தை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியவருக்கு 10 எம்பி ஜேபெக்கும் 28 எம்பி ராவும் ஒன்றல்ல. நம்பகத்தன்மையும் இதில் கலந்திருக்கிறது: ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2015 நவம்பரில், ராவிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்ப வேண்டாம், கேமரா பதிவு செய்த மூல ஜேபெக்கையே அனுப்புங்கள் என்று தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம் சொன்னது. மறுபக்கம், வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களுக்குக் கேமராவின் மூலக் கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே செய்தித் துறையில் இருப்பவர் ரா பிளஸ் ஜேபெக்கில் எடுத்து, ஜேபெக்கை அனுப்பிவிட்டு ராவைச் சாட்சியாக வைத்துக்கொள்வது பொருந்தும்.

வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பறவை எடுக்கப் போகிறவர் பஃபரைக் கவனிக்க வேண்டும். கேமராவின் உள் நினைவகம் நிரம்பியதும் சுடும் வேகம் தளர்ந்துவிடும். ராவில் அது சீக்கிரம் நிரம்பும், வேகம் குறைந்த கார்டு போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். ஆனாலும் வெண்கொக்கின் சிறகில் உள்ள இழைகளை வெயிலில் காப்பாற்ற வேண்டியிருப்பதால் ராவே மேல். இழப்போடு சுருக்கிய ரா மிகவும் பயன்படும் இடம் இதுதான்.

கடைக்கான பொருட்படங்களை ஒரே மேஜை, ஒரே விளக்கில் எடுப்பவருக்கு ஜேபெக் போதும். துணிக்கடை மட்டும் விலக்கு, ஏனெனில் புடவையின் நிறம் மாறிவிட்டது என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்புவார். குழந்தையின் பிறந்தநாளுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் தயங்காமல் ஜேபெக்கில் எடுங்கள். எடுத்த ராக்கள் திறக்கப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடப்பதைவிட, அன்று மாலையே குடும்பத்தார் பார்க்கும் ஜேபெக் மேலானது.

கைபேசியில் கணக்கு வேறு. அது ஒரே அழுத்தலில் பல சட்டகங்களை எடுத்து இணைத்துத்தான் ஒரு படத்தைத் தருகிறது. பல கைபேசிகளில் சாதாரண ராவைத் தேர்ந்தெடுத்தால் அந்த இணைப்பின் நன்மை போய்விடும், இரவுப் படம் ஜேபெக்கைவிட மோசமாகத் தெரியும். ஆப்பிள் 2020 டிசம்பரில் ஐஃபோன் 12 புரோவுக்குக் கொண்டுவந்த புரோரா, இணைத்த பிறகான தகவலை டிஎன்ஜியாகத் தருவதால் அந்தக் குறை அதில் இல்லை. ஐஃபோனில் வழக்கமாக உருவாகும் ஹெய்க் கோப்பு, ஜேபெக்கைவிடச் சிறிய இடத்தில் அதே தரத்தைத் தரும். ஆனால் எல்லா ஸ்டூடியோக் கணினிகளும் பிரின்ட் கடைகளும் அதைத் திறப்பதில்லை என்பதால் கொடுக்கும் முன் ஜேபெக்காக மாற்றிவிடுங்கள்.

ரா பிளஸ் ஜேபெக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ராவுக்குப் புதியவர்கள் முதல் சில மாதங்கள் இதில் எடுப்பது நல்லது. கேமரா தந்த ஜேபெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ராவை அந்த அளவுக்காவது கொண்டுவர முடிகிறதா என்று பழகலாம். முடியாதவரை ஜேபெக்கையே கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பழகிய பிறகும் காரணமே இல்லாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தால், முடிவெடுக்கத் தயங்குவதற்கு ஹார்ட் டிஸ்க்கில் வாடகை கட்டுகிறீர்கள் என்று பொருள்.

படி 6: தேர்வுக்கு ஏற்றபடி கேமராவை அமையுங்கள்

ஜேபெக்கில் எடுப்பதானால் தரத்தை எப்போதும் ஃபைனில் வையுங்கள். நிகானின் கணக்குப்படி ஃபைன் ஏறத்தாழ 1:4, நார்மல் 1:8, பேசிக் 1:16 என்ற விகிதத்தில் சுருக்குகிறது. நிறவெளியை (படம் காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) எஸ்ஆர்ஜிபியில் வையுங்கள். அடோபி ஆர்ஜிபி பெரியதுதான், ஆனால் அதைப் புரிந்துகொள்ளாத திரையிலும் ஆப்பிலும் படம் வெளிறித் தெரியும். பிக்சர் ஸ்டைலில் கான்ட்ராஸ்டையும் சாச்சுரேஷனையும் ஒரு படி குறைத்தால் சிவப்புப் பட்டு ஓரளவு பிழைக்கும். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் சட்டகத்துக்குச் சட்டகம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், மேடைக்கு ஏறி ஒரு சாம்பல் அட்டையையோ வெள்ளைத் தாளையோ எடுத்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைத்துவிடுங்கள்.

ராவில் எடுப்பதானால் ஒரு சூட்சுமத்தை நினைவில் வைக்க வேண்டும். கேமராவின் பின்திரையில் தெரியும் படமும், ஹிஸ்டோகிராமும் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடம்), மின்னி எச்சரிக்கும் ஹைலைட்டும் (மிகப் பிரகாசமான பகுதி) ராவைக் காட்டுவதில்லை. உள்ளே பொதிந்த ஜேபெக்கையே காட்டுகின்றன. பிக்சர் ஸ்டைல் ‘விவிட்’ என்று இருந்தால், சென்சாரில் இன்னும் இடம் இருக்கும்போதே ஹிஸ்டோகிராம் ‘எரிந்துவிட்டது’ என்று அலறும். நீங்கள் பயந்து எக்ஸ்போஷரைக் குறைப்பீர்கள், நிழல்களில் நாய்ஸ் ஏறும். எனவே ராவில் எடுக்கும்போது பிக்சர் ஸ்டைலை நியூட்ரல் அல்லது ஃபெய்த்ஃபுல் என்று வையுங்கள். திரையில் படம் மந்தமாகத் தெரியும். மணமகள் வீட்டார் எட்டிப் பார்த்து ‘என்ன தம்பி, டல்லா இருக்கே’ என்றாலும் பரவாயில்லை. ஹிஸ்டோகிராமை மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும்படி வைத்தால், மொத்த வளைவு சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டிருப்பது தெரியவரும்.

படி 7: வேலை நாளுக்கு முன் வீட்டில் சோதித்துப் பாருங்கள்

ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளை வேட்டியையும் ஒரு சிவப்புப் பட்டுத் துணியையும் மடிப்புகளோடு தொங்கவிட்டு, பக்கத்தில் யாரையாவது உட்கார வையுங்கள். மேனுவல் மோடில், ரா பிளஸ் ஜேபெக்கில், சரியான எக்ஸ்போஷரில் ஒன்று, பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பாகக் கூட்டி இரண்டு, குறைத்து மூன்று என்று எடுங்கள். கணினியில் அத்தனையையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நூறு சதவீதப் பெரிதாக்கத்தில் பாருங்கள். வேட்டியின் நெசவு எந்த ஸ்டாப்பில் திரும்ப வர மறுக்கிறது, முகத்தில் எந்த ஸ்டாப்பில் நாய்ஸ் பொறுக்க முடியாததாகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100-இல் ஒரு முறை, மண்டபத்தில் வழக்கமாகப் பயன்படுத்தும் 3200-இல் ஒரு முறை செய்தால், உங்கள் கேமராவின் உண்மையான எல்லை கையில் இருக்கும். எந்தக் கட்டுரையின் பொது விதியைவிடவும் அந்தக் குறிப்பு உங்களுக்கு அதிகம் உதவும்.

படி 8: இடத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுங்கள்

ஒரு கல்யாணத்துக்கு 3,000 படங்கள், ஒன்று 28 எம்பி என்றால் ராவில் 84 ஜிபி. ஜேபெக்கில் ஒன்று 10 எம்பி என்றால் 30 ஜிபி. ஆண்டுக்கு 50 கல்யாணம் எடுப்பவருக்கு ராவில் 4.2 டிபி, ஜேபெக்கில் 1.5 டிபி. இரண்டு நகல் வைக்காவிட்டால் அது சேமிப்பே அல்ல என்பதால், இரண்டையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். இந்தச் செலவைப் பேக்கேஜ் விலையில் சேர்க்காதவர்கள்தான் பிறகு ராவைக் குறை சொல்கிறார்கள். கணினிக்கும் 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாவிட்டால் ராக்களைப் புரட்டுவதே பொறுமையைச் சோதிக்கும்.

மென்பொருளுக்குப் பணம் தடையாக இருக்க வேண்டியதில்லை. லைட்ரூமும் கேப்சர் ஒன்னும் கட்டணம் கேட்கும். டார்க்டேபிளும் ராதெரப்பியும் இலவசம். கேனானின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனலும் நிகானின் என்எக்ஸ் ஸ்டூடியோவும் அந்தந்தக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. கேமராவின் ஜேபெக் நிறத்தை அப்படியே ராவில் கொண்டுவருவதற்கு இவற்றுக்கு நிகர் இல்லை. புதிதாக வந்த கேமராவின் ராவைப் பழைய மென்பொருள் திறக்காது. அப்போது அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

படி 9: திருத்துங்கள், ஏற்றுமதி செய்யுங்கள்

முதலில் கழித்துக்கட்டுங்கள்: கண் மூடியவை, ஃபோகஸ் தவறியவை, ஒரே மாதிரி வந்தவை. பிறகு ஒரே ஒளியில் எடுத்த படங்களைக் கூட்டமாகத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் ஒயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் சரிசெய்து, மற்றவற்றுக்கு ஒட்டுங்கள். ராவின் உழைப்பு அச்சமூட்டுவது படம் படமாக உட்கார்ந்து திருத்துபவர்களுக்கு மட்டுமே. ஹைலைட்டை இறக்குங்கள், நிழலைத் தேவையான அளவே ஏற்றுங்கள். நிழலே இல்லாத முகம் மாவு பூசியதைப்போல் ஆகிவிடும். நாய்ஸும் ஷார்ப்னஸும் கடைசியில்.

ஏற்றுமதியில் இரண்டு வழிகளைப் பிரித்துவையுங்கள். ஆல்பம் டிசைனருக்குக் கொடுக்கும் படம் பல முறை திறந்து, வெட்டி, மீண்டும் சேமிக்கப்படும்; ஒவ்வொரு முறை ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகவல் போகும். எனவே அவருக்கு முழு அளவில், தரம் 100-இல் ஜேபெக்கோ, பெரிய பிரின்டுக்குத் தகவலை இழக்காமல் சேமிக்கும் 16 பிட் டிஃபோ கொடுங்கள். 12×36 அங்குல ஆல்பத்தின் ஒரு விரிப்பு 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3,600×10,800 பிக்சல் வரும், அதாவது ஏறத்தாழ 39 மெகாபிக்சல். ஒரே படத்தை விரிப்பு முழுக்கப் போடப்போகிறார் என்றால் 24 மெகாபிக்சல் கோப்பு இழுக்கப்படும். சுருக்கத்தின் சதுரங்களும் சேர்ந்தே இழுக்கப்படும். குடும்பத்தார் கைபேசியில் பார்ப்பதற்கு எஸ்ஆர்ஜிபியில், நீளப் பக்கம் 2,048 பிக்சல், தரம் 80 போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கும். முழுத் தரம் வேண்டியவர்களுக்கு டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

படி 10: எதை வைப்பது, எதை அழிப்பது என்று முன்கூட்டியே விதி வையுங்கள்

ஆல்பம் கொடுத்து, கணக்கு முடிந்த பிறகு தேர்ந்தெடுக்காத ராக்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வாடிக்கையாளர் ரா கோப்புகளையே கேட்டால் கொடுப்பதா இல்லையா என்பதையும் அதே தாளில் எழுதுவது நல்லது. கேட்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது முழு அளவு ஜேபெக்தான், பெயர் மட்டும் ரா என்று கேள்விப்பட்டிருப்பார்கள். ஆல்பத்துக்குப் போன படங்களின் ராக்களையும், உங்கள் தொழில் மாதிரிக்கு வைத்துக்கொள்ளும் படங்களின் ராக்களையும் அழிக்காதீர்கள்: நாய்ஸ் குறைக்கும் மென்பொருட்கள் வளர வளர, பழைய ராவிலிருந்து முன்பைவிடச் சுத்தமான படத்தை இன்று எடுக்க முடிகிறது, ஜேபெக்கில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ராவோடு திருத்தக் குறிப்புகள் தங்கும் சிறிய எக்ஸ்எம்பி கோப்புகளையும் சேர்த்தே நகலெடுங்கள், இல்லாவிட்டால் செய்த திருத்தம் முழுதும் காணாமல் போகும். இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று ஸ்டூடியோவிலும் மற்றொன்று வீட்டிலும் இருக்கட்டும். இரண்டு நகலையும் திறந்து பார்த்து உறுதி செய்யும்வரை மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.